பதின்மூன்றாவது செம்பருத்தி

ஒரு ஊரிலே, மழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒரு ஊரிலே, ஒரு ராசா இருந்தானாம். ராசாவுக்கு ஒரு அரண்மனை, அரண்மனைக்குப் பின்னாலே ஒரு பூந்தோட்டம், தோட்டத்துக்கு நடுவிலே ஒரு பாதை. பாதைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு செம்பருத்தி, அந்தப் பக்கம் பன்னிரண்டு அரளி. ஊருக்கோ ஒரே ஒரு ஊருணி. அதைத் தோண்டினது ஊர்ச் சனம், கரை கட்டினது ஊர்ச் சனம், வருசா வருசம் தூர் வாரினது ஊர்ச் சனம். தண்ணீர் போனது மட்டும் ராசா தோட்டத்துக்கு. ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்டவன் கதைதான் இது, உம் கொட்டிக்கொண்டே கேளுங்கள்.

அந்தத் தோட்டத்தில் ஆதியிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. செடியை எந்தக் கை நட்டதோ அந்தக் கைதான் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நட்டவன் இல்லாமல் போனால் அவன் பெண்டாட்டி ஊற்றலாம், பிள்ளை ஊற்றலாம். வேற்றுக் கை ஊற்றினால் செடி குடிக்காது. இது ராசாவுக்கு முந்தின வழக்கம், ராசாவாலும் மாற்ற முடியாது. ராசா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தான்: தோட்டத்து வேரைத் தொட்ட கை மணிக்கட்டோடு போகும். இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள்.

செம்பருத்தியை நட்டவன் இருளப்பன். அரளியை நட்டவன் கோணையன். இருளப்பன் பெண்டாட்டி சடைச்சி. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, அத்தனையும் உதிர்ந்த செம்பருத்தியைப் பொறுக்கிக் காய்ச்சிய எண்ணெயில் வளர்ந்தது. கோணையனை ஊரில் அரைக்கிறுக்கன் என்பார்கள். அவன் அரளியோடு பேசுவான், அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளவும் செய்வான்.

மத்தியானம் சடைச்சி கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் இரண்டு பேரும் செடிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"அண்ணே, உன் செடி ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம்?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"என் செடிக்கு வாரத்துக்கு ஒண்ணு. நான் மறந்துட்டாலும் முகத்தைத் தொங்கப் போடாது. பூத்தா நாலஞ்சு நாள் நிக்கும். உன் பூ காலையில சிரிக்குது, சாயங்காலம் செத்துப்போகுது."

"உன் செடியைக் கிள்ளினா பால் வரும். கண்ணுல பட்டா எரியும், வயித்துக்குள்ள போனா ஆளே போயிருவான். என் செடி இலையை அரைச்சுத் தலைக்குத் தேய்க்கலாம். பூவை எண்ணெயில காய்ச்சலாம். இதழைப் பச்சையா மெல்லலாம்."

"அதான் உன் செடியை ஆடு மேயுது, மாவுப்பூச்சி மேயுது, அரண்மனைப் பொம்பளைங்க மேயுறாங்க. என் செடிக்கு வேலி வேண்டாம். அதுவே வேலி."

"ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கிடையாதா?" என்பாள் சடைச்சி. "கொழுந்தனாரே, அரளி வெட்டின கையைச் சாம்பல் போட்டுக் கழுவிட்டுக் கஞ்சிக்கு வாங்க."

"கழுவிட்டேன் மதினி."

"மறுபடியும் கழுவுங்க."

இப்படி இருக்கும்போது மழை ஒரு வருசம் வரவில்லை, இரண்டு வருசம் வரவில்லை, மூன்றாவது வருசமும் வரவில்லை. ஊருணியில் பன்னிரண்டு படி வெளியே வந்துவிட்டது. சனங்கள் மணலைத் தோண்டி, சிரட்டையால் மோந்து, துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். தோட்டத்துக்கு மட்டும் இருபத்து நாலு குடம் தவறாமல் போனது.

ஊர் ஆட்கள் ராசாவிடம் போனார்கள். முதல் தடவை போனபோது ராசா தூங்குகிறார் என்றார்கள். இரண்டாவது தடவை போனபோது ராசா சாப்பிடுகிறார் என்றார்கள். மூன்றாவது தடவை போக ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் அன்றைக்கென்று ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. அப்புறம் இருளப்பன் ஒருத்தனே போனான்.

போனவன் தோளில் கிடந்த துண்டை எடுக்கவில்லை. ராசா பக்கத்தில் நின்ற தோட்டத்து மணியக்காரன் அந்தத் துண்டைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஐயா," என்றான் இருளப்பன், "செம்பருத்தி நான் வச்ச செடி. அதோட தாகம் எனக்குத் தெரியும். கோடையில பாதிக்கு வெட்டிவிட்டு, வேர்ல சருகைப் போட்டு மூடிட்டா, ஒரு நாளைக்கு அரைக் குடத்துல பொழைச்சுக்கும். பூ கொஞ்சம் குறையும். மிச்சத் தண்ணியை ஊருக்கு விடுங்க. பூ குறைஞ்சா யாரும் சாகமாட்டாங்க."

ராசா இருளப்பனைப் பார்க்கவே இல்லை. மணியக்காரனைப் பார்த்தான். "இந்தச் சத்தம் இனிமே என் காதுல விழக்கூடாது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் இருளப்பன் இல்லை.

"உன் புருசன் ஓடிட்டான்" என்றான் மணியக்காரன். "எவளோ ஒருத்தியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்."

கண்ணால் பார்த்தோம் என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். ஒருத்தன் மேற்கே போனான் என்றான். ஒருத்தன் கிழக்கே போனான் என்றான். ஒருத்தன் தெற்கே போனான் என்றான். மூன்று பேர் இடுப்பிலும் கஞ்சி மடிப்புக் கலையாத புது வேட்டி. ஊர் அதையும் பார்த்தது, பார்த்துவிட்டு, "இருக்கும், இருக்கும், ஓடிப்போயிருப்பான்" என்றது. நம்புவது சுலபம், தொண்டைத் தண்ணீர் செலவாகாது.

சடைச்சி நம்பவில்லை. அவள் அழவும் இல்லை. "அவரு ஓடலைன்னு இந்த ஊரு தன் வாயால சொல்லணும். அதைக் கேக்காம நான் சாகமாட்டேன்" என்று கோணையனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, வழக்கப்படி புருசன் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

போய் ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊற்றிக்கொண்டே வந்து பன்னிரண்டு முடித்து நிமிர்ந்தால், பக்கத்தில் பதின்மூன்றாவதாக ஒன்று நின்றதாம்.

நேற்று இல்லாத செடி. மார்பளவு உயரம், ஒரு மொட்டு.

"இது ஏது?"

"ராசாவுக்குன்னு மலையிலிருந்து வந்தது. நீ ஊத்து" என்றான் மணியக்காரன்.

ஊற்றினாள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. தட்டில் ஊற்றிய மாதிரி மேலேயே நின்றது, வெயிலில் பளபளத்தது, அப்புறம் அப்படியே வற்றியது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஆனால் செடி வாடவில்லை. மற்ற பன்னிரண்டிலும் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருக்க, அவள் வேப்பெண்ணெயைக் கரைத்துத் தெளித்துத் தெளித்து ஓய்ந்துபோனாள். இதில் ஒரு எறும்பு ஏறவில்லை. தேனீ வரவில்லை. ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடியது.

அப்புறம் அவள் அதன் நிழலைப் பார்த்தாள். உச்சி வெயில், சூரியன் நேர் தலைக்கு மேலே. எல்லாச் செடியின் நிழலும் அதனதன் காலடியில் சுருண்டு கிடந்தது. பதின்மூன்றாவதின் நிழல் மட்டும் நீளமாகக் கிடந்தது. ஒரு ஆள் மல்லாந்து படுத்திருக்கிற நீளம்.

சடைச்சி குடத்தைக் கீழே வைத்தாள். தோட்டத்தில் ஒரு குருவிச் சத்தம் இல்லை. காவலாளிகள் கூழ் குடிக்கப் போயிருந்தார்கள். மற்ற செம்பருத்தியெல்லாம் காலையிலேயே பூத்துவிடும், இது அந்த உச்சி வேளையில் மெல்ல மெல்ல மொட்டை அவிழ்த்தது. அவிழ்த்து, "சடச்சி" என்றது.

இருளப்பன் குரல். கஞ்சிக்குக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து அவளைக் கூப்பிடுவானே, அதே குரல். ஆனால் வாய்க்குள் மண் இருக்கிற மாதிரி.

ஒரு பூவுக்கு ஒரு சொல்தான். சாயங்காலம் பூ சுருண்டு விழுந்தது. மறுநாள் உச்சியில் அடுத்த பூ அவிழ்ந்தது. "ஓடல" என்றது. மூன்றாம் நாள் உச்சியில் மூன்றாவது பூ அவிழ்ந்தது.

"கீழ" என்றது.

பயப்படாதீர்கள், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். சடைச்சியும் பயப்படவில்லை. பயந்து என்ன ஆகப்போகிறது, அது அவள் புருசன். மண்ணில் கையை வைத்துப் பார்த்தாள். ஊரே கொதிக்கிற வெயிலில் அந்த மண் சில்லென்று இருந்தது. விரல் வேருக்குப் பக்கத்தில் போனது, அப்புறம் மணிக்கட்டு ஞாபகம் வந்தது, எடுத்துக்கொண்டாள். தானே தோண்டினால் கையும் போகும், பிணத்தையும் ராவோடு ராவாக மாற்றிவிடுவார்கள். ஊர் பார்க்கத் தோண்ட வேண்டும்.

அப்புறம் அவள் கோணையனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"என் அரளிக்குத் தெரிஞ்சிருக்கு மதினி. மூணு நாளா இந்தப் பக்கமே சாஞ்சு நிக்குது. நான்தான் காத்துன்னு நினைச்சேன்."

இதற்குள் ராசாவுக்கு ஒரு கவலை. என்ன கவலை? சனங்கள் மணல் குடிக்கிற கவலையா? இல்லை. தலை வழுக்கை. மணியக்காரன் பதின்மூன்றாவது செடியின் உதிர்ந்த பூவையெல்லாம் பொறுக்கி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்து, "மகாராசா, உங்க தலைக்குன்னே என் கையால நட்ட செடி" என்று சொல்லியிருந்தான். ராசா நாள் தவறாமல் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்து மூன்று முடி முளைத்தது. சிரிக்காதீர்கள், அந்த மூன்று முடிக்கு அரண்மனையில் விருந்து நடந்தது.

விருந்து முடிந்த மறுநாள் ஊருணியில் கடைசிப் படியும் வெளியே வந்துவிட்டது. ராசா பறை அறைந்து ஊரைத் தோட்டத்துக்கு வரச்சொன்னான். குடை பிடிக்கச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, "இனி ஒரு வரிசைக்குத்தான் தண்ணி. எந்தச் செடி உபயோகம்னு வளர்த்தவங்க சொல்லுங்க. தோத்த செடியை வேரோட பிடுங்கி எறிவேன், அதை வளர்த்தவங்க ஊரை விட்டுப் போகணும்" என்றான்.

வேரோடு பிடுங்கி எறிவேன் என்றதும் சடைச்சிக்கு வழி தெரிந்தது. தோற்க வேண்டும். தோற்றால் மண் திறக்கும்.

முதலில் கோணையன் வந்தான். "மகாராசா, அரளி கேக்கிறது வெயிலு மட்டும்தான். அது உங்ககிட்ட நிறையவே இருக்கு. தண்ணி விட மறந்தாலும் பூக்கும். மாலைக்கு ஆகும், வேலிக்கு ஆகும், ஆடு மாடு அண்டாது. வெட்டினா கையைக் கழுவணும், சுள்ளியை அடுப்புல வைக்கக்கூடாது, புகையே ஆகாது. அவ்வளவுதான் அதோட கண்டிப்பு. கெடுதல் பண்ணணும்னு அது யார் வீட்டுக்கும் தேடிப் போகாது."

ஊர் லேசாகச் சிரித்தது. அப்புறம் சடைச்சி வந்தாள். புருசன் வைத்த செடி. அதைப் பழித்துப் பேச நாக்கு எழவில்லை. ஆனாலும் பேசினாள்.

"செம்பருத்தி வேண்டாம் ஐயா. குடம் குடமா குடிக்கும். ஒரு நாள் தண்ணி இல்லைன்னா மொட்டை உதிர்த்துரும். பூச்சி விடாது. ஒரு நாள் பூவுக்கு ஊரு தவிச்சுச் சாகணுமா? பிடுங்கிப் போடுங்க. முதல்ல அந்தப் பதிமூணாவதைப் பிடுங்குங்க. எவனோ ஒரு கைராசி இல்லாதவன் வச்சது."

மணியக்காரன் முன்னால் பாய்ந்து வந்தான். "மகாராசா, இவ புருசன் ஓடிப்போன துக்கத்துல உளறுறா. அரளி விசம். செம்பருத்தி மருந்து. உங்க தலையைப் பாருங்க, தொட்டுப் பாருங்க. கைராசி இல்லாதவனா? பதிமூணாவதை நட்டது நான். இந்தக் கையால, நானே குழி வெட்டி நட்டேன்."

ராசா தலையைத் தொட்டுப் பார்த்தான். மூன்று முடியையும் தடவினான். "செம்பருத்திதான் ஜெயிச்சது" என்றான்.

ஊர் தலையைத் தொங்கப் போட்டது. கோணையன் தன் அரளிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஆனால் சடைச்சி நகரவில்லை. மணியக்காரன் வாயிலிருந்து வர வேண்டியது வந்துவிட்டது.

"சரிங்க ஐயா. ஜெயிச்ச செடி வாடக்கூடாது. பன்னெண்டுக்கு நான் ஊத்துறேன், என் புருசன் நட்டது. பதிமூணாவதுக்கு நானும் இத்தனை நாளா ஊத்துறேன், ஒரு சொட்டு உள்ள இறங்கல. ஏன்னு இப்பத்தான் தெரியுது. நட்ட கை என் வீட்டுக் கை இல்ல. வழக்கம் வழக்கந்தானே? நட்டவரு ஊத்தட்டும்."

அவள் தன் குடத்தை மணியக்காரன் முன்னால் வைத்தாள். ஊர் பார்த்தது. சூரியன் உச்சிக்கு வந்திருந்தது.

"ஊத்துய்யா," என்றான் ராசா, "வெயிலு ஏறுது."

மணியக்காரன் குடத்தை எடுத்தான். முதல் குடத்தை ஊற்றினான். இத்தனை நாள் மேலேயே நின்ற தண்ணீர், களக் களக் என்று, தாகத்தோடு இருக்கிறவன் தொண்டையில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒரு பூ அவிழ்ந்தது. "இன்னும்" என்றது.

ஊர் கேட்டது. கூட்டத்தில் ஒரு பிள்ளை அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

அதே குடத்தை நிரப்பி இரண்டாவது தடவை. களக் களக். இன்னொரு பூ. "இன்னும்."

மூன்றாவது குடத்தை அவன் ஊற்றவில்லை, அவன் கைதான் ஊற்றியது. களக் களக் களக். மண் உள்வாங்கியது, வேர் விலகியது, நிழல் கிடந்த நீளத்துக்குத் தரை பள்ளமாக இறங்கியது. பள்ளத்தில் ஒரு துண்டு தெரிந்தது, தோளில் போட்டபடியே. அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு கை, கையில் ஒரு வெள்ளிக் காப்பு. சடைச்சி அவனுக்குப் போட்டுவிட்ட காப்பு.

சடைச்சி குனிந்து, மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்படாமல், வேரை ஒதுக்கி அவன் முகத்து மண்ணைத் துடைத்தாள். அவள் கையை வெட்டு என்று சொல்ல அன்றைக்கு ஒரு காவலாளிக்கும் வாய் வரவில்லை.

"நான் இல்ல," என்றான் மணியக்காரன், "ராசாதான் சொன்னாரு."

"நான் கொல்லச் சொன்னேனா?" என்றான் ராசா. "சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதானே சொன்னேன்."

"ஆமா மகாராசா," என்றான் அரைக்கிறுக்கன் கோணையன், "நீங்க பொத்திக்க வேண்டியது உங்க காதை. அவரு பொத்தினது எங்க அண்ணன் வாயை. சின்னத் தப்புதான்."

அப்போதுதான் ராசா தலையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பூவின் எண்ணெயை எத்தனை நாள் தேய்த்திருக்கிறான், ஒவ்வொரு சொட்டும் உள்ளே இறங்கியிருந்தது. மூன்று முடியும் விறைத்து நின்றன. ஒரு முடி "இன்னும்" என்றது, அடுத்தது "இன்னும்" என்றது, மூன்றாவதும் "இன்னும்" என்றது. ராசா முடியைப் பிடுங்கினான், பிடுங்கின இடத்திலும் கேட்டது. காதைப் பொத்தினான், பொத்தின கைக்குள்ளும் கேட்டது. கிரீடத்தைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினான். இன்றைக்கும் ஓடுகிறான் என்பார்கள்.

மணியக்காரனும் ஓடப் பார்த்தான். முடியவில்லை. குடம் கையை விட்டு வரவில்லை. உதறினான், தரையில் அடித்தான், பாறையில் அடித்தான். மண்குடந்தான், உடையவில்லை. ஊருணிக்குப் போனான், கரையில் சனம் நின்றது, ஒரு சொட்டு கொடுக்கவில்லை. அப்புறம் அவன் கடலுக்கு நடந்தான். கடல் தண்ணீரை மோந்துகொண்டு வருவான், வருகிற வழியிலேயே பாதி வற்றிப்போகும், மீதியை ஊற்றுவான். பிணத்தை எடுத்த பிறகும் அந்தச் செடி மட்டும் பள்ளத்து ஓரத்தில் நின்றது. உச்சி வெயிலில் ஒரு பூ அவிழ்ந்து, "இன்னும்" என்னும். திரும்ப நடப்பான்.

அப்புறம் அந்த மூன்று சாட்சிகளும் சடைச்சியிடம் வந்தார்கள். வேட்டி பழசாகிவிட்டது.

"எங்களுக்கு அப்பவே சந்தேகம்தான் தாயி."

"அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?"

மூன்று பேரும் கும்பிட்டு அழுதார்கள். "அழ வேண்டாம், கும்பிட வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க" என்றாள். ஒருத்தன் சொன்னான்: "இருளப்பன் ஓடல." அடுத்தவன் சொன்னான்: "இருளப்பன் ஓடல." மூன்றாமவன் சொன்னான். அப்புறம் பின்னால் நின்ற ஊர் முழுக்க, கிழவர்களும் பொம்பளைகளும் பிள்ளைகளும், ஒவ்வொரு வாயாகச் சொல்லிக்கொண்டு வந்தது. சொல்லி முடிக்க வெயில் தாழ்ந்துவிட்டது. சடைச்சி கடைசி வாய் வரைக்கும் நின்று கேட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

ஊருணி ஊருக்கு வந்தது. பன்னிரண்டு செம்பருத்தியையும் மண்ணோடு பெயர்த்து, தெருவுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் கையால் நட்டார்கள், பாத்திரம் கழுவின தண்ணீரைப் பிள்ளைகளே ஊற்றினார்கள். பாதிக்கு வெட்டி, வேரில் சருகு போட்டு மூடினார்கள், இருளப்பன் சொன்ன மாதிரியே. பிழைத்துக்கொண்டது.

இருளப்பனை ஊருணிக் கரையில் அடக்கம் பண்ணினார்கள். மேலே ஒரு செம்பருத்தி வைக்கலாம், அவன் வளர்த்த செடியாயிற்றே என்றார்கள். சடைச்சி வேண்டாம் என்றாள்.

"கொழுந்தனாரே, உங்க அரளியில ஒரு கொம்பு வெட்டிக் குடுங்க. நான் நடுறேன்."

"அண்ணன் சண்டைக்கு வருவாரே மதினி?"

"வரட்டும். இந்த ஊரு தண்ணிக்காகச் செத்த மனுசன். அவருக்குன்னு இந்த ஊருணியில ஒரு குடம் நான் எடுக்கமாட்டேன்."

நட்டுவிட்டு, சாம்பல் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவிவிட்டு, கோணையனைப் பார்த்து, "நீங்களும் கழுவுங்க" என்றாள்.

"கழுவிட்டேன் மதினி."

"மறுபடியும் கழுவுங்க."

அந்த அரளி அங்கே பூத்தது, நம் கதை இங்கே முடிந்தது. தண்ணீர் கேட்டவனை மண்ணில் போட்டு மூடினால் மண்ணே அவனுக்காகக் கேட்கும். விளக்கை அணையுங்கள், தூங்குங்கள். காலையில் எழுந்ததும் வாசல் செடிக்கு ஊற்றுங்கள், ஆனால் அதை யார் கை நட்டது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.